நான் என்ன பாவம் பண்ணேன்?

அன்புள்ள அக்கா,

நல்லது செஞ்சா நல்லதுதான் நடக்கும்னு நம்பி வளர்ந்தவ நான். போன வருஷம் என் தம்பி ஆக்சிடென்ட்ல போயிட்டான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். துக்கம் கேட்க வந்தவங்க "என்ன பாவமோ"ன்னாங்க. அப்போலேருந்து சரியா தூக்கமில்ல. "நியாயம் இருக்குன்னு நம்பினாதான் மனசு நல்லாருக்கும், திரும்ப நம்பு"ன்னு ஃப்ரெண்ட் சொல்றா. முடியல அக்கா.

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முடியலன்னா விடுங்கம்மா, வம்படியா நம்ப வேணாம்.

உங்க ஃப்ரெண்ட் சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு. கிளாடியா டால்பெர்ட்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர் இந்த நம்பிக்கையை ரெண்டா பிரிச்சுப் பார்த்தாங்க, வாழ்க்கை என்னை நியாயமா நடத்துதுங்கறது ஒண்ணு, உலகத்துல எல்லாருக்கும் அவங்கவங்களுக்கு உரியதுதான் கிடைக்குதுங்கறது இன்னொண்ணு. மன நிம்மதியோட அதிகமா ஒட்டியிருக்கறது முதலாவது. ஆனா நம்பறதால நிம்மதியா, இல்ல பெரிய அடி எதுவும் படாததால நம்ப முடியுதான்னு கேட்டா ரெண்டுமே இருக்கும்னுதான் நினைக்கறேன்.

ரெண்டாவதுதான் எனக்கு பயம். 1966ல மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு பொண்ணு தப்பா பதில் சொல்லி கரண்ட் ஷாக் வாங்கற மாதிரி காட்டினாங்க, நடிப்புதான், ஆனா பார்க்கறவங்களுக்கு அது தெரியாது. அந்த வேதனை இன்னும் தொடரப் போகுது, நம்மால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உட்கார்ந்திருந்தவங்க கடைசில அந்தப் பொண்ணையே மட்டமா மதிப்பிட்டாங்க. காரணமே இல்லாம ஒருத்தர் கஷ்டப்படறார்ங்கறதை மனசால தாங்க முடியல, அதனால அவர்மேலயே ஏதோ குறை இருக்கும்னு முடிவு கட்டிடுது.

உங்க வீட்டுக்கு வந்தவங்க சொன்னதும் இதேதான். பாவம்னு ஒரு பேர் வச்சுட்டா, நாம பாவம் பண்ணல, நம்ம வீட்டுக்கு இது வராதுன்னு அவங்க நிம்மதியா திரும்பிப் போகலாம். அந்த பயம் எனக்குப் புரியுது, ஆனா அதுக்கான விலையை தம்பியை இழந்த நீங்க கட்டணும்னு இருக்கே, அதை என்னால ஏத்துக்கவே முடியல.

அதே கேள்வியை ராத்திரில நீங்களும் உங்களையே கேட்டுட்டிருக்கீங்கன்னு தோணுது. தோண்டாதீங்க. அங்க ஒண்ணும் இல்ல. தம்பி நல்லவனா இருந்தான், அவன் குணம் அது, ஆபத்து வராம இருக்க கட்டின இன்சூரன்ஸ் பிரீமியம் இல்ல. அவன் செத்ததால அது வீண்னு ஆயிடாது.

ஒரு வருஷமா தூக்கமில்லங்கறதை லேசா விடாதீங்க, இந்த வாரமே ஒரு மனநல டாக்டரைப் பாருங்க. பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. தம்பியைப் பத்தியும் எழுதுங்க, அவன் எப்படி சிரிப்பான், உங்களை என்னன்னு கூப்பிடுவான்னு.

அன்புடன்,
அக்கா