பிறவிக்குணமா, பழகி வந்ததா: கேள்வி பதில்

கேள்வி: உருதுக் கட்டுரைகளில் ஃபித்ரத், ஃபித்ரத்-எ-ஸானியா என்று இரண்டு வருகிறதே, என்ன வித்தியாசம் சார்?

பதில்: முதலாவது பிறக்கும்போதே கூட வருவது. மற்றது செய்து செய்து படிந்து, கடைசியில் பிறவிக்குணம் மாதிரியே ஆகிவிடுவது.

கேள்வி: அப்போ பழக்கம் என்றே சொல்லிவிட்டுப் போகலாமே?

பதில்: எல்லாப் பழக்கமும் இந்தக் கணக்கில் சேராது. 1111இல் இறந்த இஸ்லாமியச் சிந்தனையாளர் கஸ்ஸாலி இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்: யோசிக்காமல், சிரமமில்லாமல் செயல் தானாக வர வேண்டும். என்றைக்கோ ஒரு தேவைக்காகக் கொடுத்தவன் கொடையாளி இல்லை, மனசில்லாமல் கொடுக்கிறவனும் இல்லை. அப்புறம் எப்படித்தான் கொடையாளி ஆவது என்றால், அழகெழுத்து பழகுகிறவனைக் காட்டுகிறார். தேர்ந்த காத்திப், அதாவது எழுத்தர், எழுதுவதைப் பார்த்து முதலில் வலிந்து அப்படியே எழுதுவான், நாள்பட நாள்பட அது கையில் ஊறிவிடும். கொடுப்பதும் அப்படித்தான், ஆரம்பத்தில் மனதைக் கட்டாயப்படுத்தித்தான் ஆக வேண்டும். நமக்கு நடிப்பு என்று தோன்றும் அந்தக் கட்டத்தை அவர் குறையாகவே பார்க்கவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இது.

கேள்வி: தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறார்களே பாய், குணம் நிஜமாகவே மாறுமா?

பதில்: மாறாது என்றால் உபதேசமே வீண், வேட்டை நாயையும் குதிரையையும் பழக்கி எடுக்கிறோமே என்று கஸ்ஸாலியே கேட்கிறார். ஆனால் எல்லை உண்டு. பேரீச்சங்கொட்டையை வளர்த்தால் பேரீச்சை வரும், ஆப்பிள் வராது. கோபத்தை வேரோடு பிடுங்க முடியாது, வழிக்குக் கொண்டுவரலாம்.

கேள்வி: மலகா என்பதும் இதேதானா?

பதில்: கிட்டத்தட்ட. உருதுவில் ஒருவருக்குக் கவிதையில் மலகா உண்டு என்றால், அது அவருக்குக் கைவந்த கலை. அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் 1377இல் எழுதியபோது தொழில், மொழி எல்லாவற்றையும் மலகா என்றே வைத்தார். பாலைவன அரபிகள் பிழையில்லாமல் பேசுவது பிறவியிலேயே வந்தது என்று நம்பியவர்களை மறுத்து, சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, பேசிப் பேசி வேரூன்றியதால்தான் அது இயற்கை போலத் தெரிகிறது என்கிறார். நகரவாசியை விட பதூவி, அதாவது பாலைவன நாடோடி, துணிச்சல்காரனாக இருப்பதற்கும் இதே விளக்கம்தான்: ஒருவன் மதிலையும் அதிகாரியையும் நம்பித் தூங்குகிறான், மற்றவன் ஆயுதத்தோடு தன்னைத்தானே காத்துப் பழகியவன். மனிதன் பழக்கத்தின் பிள்ளை, இயல்பின் பிள்ளை இல்லை என்று அந்த இடத்தில்தான் சொல்கிறார்.

கேள்வி: அப்போ கவிதை வஹ்பியா, கஸ்பியா? அதாவது வரமா, உழைப்பா?

பதில்: உருதுக்காரர்களின் தீராத சண்டை! தானாகக் கொட்டுவதை ஆமத் என்றும் முயன்று செய்வதை ஆவுர்த் என்றும் பிரித்து, முன்னதையே தூக்கிப் பிடிப்பார்கள். உருதுக் கவிஞரும் விமர்சகருமான ஹாலி 1893இல் இதைத் திருப்பிப் போட்டு, யோசித்துத் திருத்திய கவிதைதான் பெரும்பாலும் மேல் என்றார். நான் ஹாலி கட்சி.