தண்டனையாக ஓட விடாதீர்கள்

கேள்வி: என் சின்ன மகள் ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். ‘கண்டிஷனிங்’ என்று கோச் தினமும் மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிறார். ரெய்டில் தப்பு செய்தால் அதற்கும் நாலு ரவுண்டு. பி.எட். படிக்கும் பெரியவளோ, ‘கண்டிஷனிங் என்றால் பாவ்லோவ் நாய்க்கு மணியடித்தது’ என்கிறாள். இரண்டும் ஒன்றா? பரீட்சைக்காக ஒரு மாதம் பயிற்சியை நிறுத்தலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கோச் சொல்வதும் சரி, பெரியவள் சொல்வதும் சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை: கோச் சொல்வது உடம்பைப் பலப்படுத்துவது, பெரியவள் சொல்வது ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து மனசு பழகுவது.

ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்போது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது. தசைகள் ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்துகின்றன. கடைசி நிமிடத்திலும் 30 விநாடி ரெய்டை அதே வேகத்தில் போக இதுதான் வேண்டும். ஆனால் சும்மா இருந்தால் போய்விடும். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில் 20 வயது இளைஞர்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். உடம்பு உச்சமாக ஆக்சிஜன் எடுக்கும் திறன் கால்வாசிக்கு மேல் குறைந்தது. 30 வருடம் கழித்து அதே 5 பேரைச் சோதித்தபோது, வயது ஏறியதால் வந்த இழப்பைவிட அந்த 3 வார இழப்பே பெரிதாக இருந்தது!

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் பார்த்தது வேறு. சாப்பாட்டுக்கு முன் மெட்ரோனோம் (‘டிக் டிக்’ என்று சீராக அடிக்கும் தாளக் கருவி) ஓசையைக் கேட்டுப் பழகிய நாய்க்கு, ஓசை கேட்டாலே எச்சில் ஊறியது. (மணிக் கதைதான் பிரபலம், மெட்ரோனோமையும் அவர் நிறையப் பயன்படுத்தினார்.) சாப்பாடு தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்ததும் எச்சில் நின்றது. இடைவெளி விட்டு மறுபடி கொடுத்தால், மறுபடி ஊறியது. கற்றது அழியவில்லை, அடங்கித்தான் இருந்தது.

அதனால்தான் அந்த நாலு ரவுண்டு எனக்குக் கவலை தருகிறது. பள்ளி மைதானத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திட்டும் அவமானமும் ஓட்டத்தோடு சேர்ந்தே வந்ததால், பள்ளியை விட்டுப் போன பிறகு ஷூவையே தொடாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். இதயத்தைப் பலப்படுத்தும் அதே ஓட்டம் அவர்களுக்கு ஓட்டத்தையே வெறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. பலம் சில வாரத்தில் போகும். வெறுப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. கோச்சிடம் பொறுமையாகப் பேசுங்கள். ரெய்டில் தப்பு வந்தால் அதே ரெய்டைத் திரும்பப் போக வைக்கட்டும்; சரியாக வந்ததும் அங்கேயே ‘சபாஷ்’ சொல்லட்டும். பிள்ளைகள் அதில்தான் கற்கிறார்கள்.

சரி, பரீட்சை. உங்கள் மகள் படுக்கையிலா இருக்கப் போகிறாள்? டல்லாஸ் அளவுக்கு இழப்பு வராது. இருந்தாலும் முழுக்க நிறுத்த வேண்டாம். வாரத்தில் 2, 3 நாள், அரை மணி நேரம் போதும். நாட்கள் குறைந்தாலும் ஓடும் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான பலம் நிற்கும். பரீட்சை முடிந்து திரும்பும்போது முதல் நாளே பழைய அளவுக்கு ஓட விட வேண்டாம் என்று கோச்சிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.