நெல் விளையும் ஜாவாக் கிராமத்தில் நிலம், வீடு, அண்டை அயல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் யோக்யாகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் இடையே கிளாத்தென் மாவட்டம் இருக்கிறது. அங்குள்ள நெல் கிராமம் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த அனுபவத்தைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு அப்படி ஒரு கிராமத்தில் ஓர் ஏக்கர் வயலும் சிறு வீடும் வாங்க விரும்புகிறேன். அந்நாட்டு நண்பர் ஒருவர் தம் பெயரில் வாங்கி எனக்கு ஒப்பந்தம் எழுதித் தருவதாகச் சொல்கிறார். நம்பிக்கையானவர்தான். வாங்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வாங்காதீர்கள். நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் என் பதில் இதுதான். இந்தோனேசியாவின் நில உரிமைகளுக்கு அடிப்படையாக இருப்பது 1960ஆம் ஆண்டின் வேளாண் நிலச் சட்டம். முழு உடைமை உரிமையான 'ஹாக் மிலிக்' அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்று அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. இன்னொருவர் பெயரைப் பயன்படுத்தி மறைமுகமாக வெளிநாட்டவர் கைக்கு நிலம் செல்லும்படி செய்யும் எந்த விற்பனையும் செல்லாது, நிலம் அரசைச் சேரும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் நண்பர் எழுதித் தரும் ஒப்பந்தம் உங்களைக் காக்காது. வழக்கு என்று வந்தால், சட்டத்தை மீற நீங்கள் முயன்றதற்கு அதுவே சான்றாக நிற்கும். நண்பர் உங்களை ஏமாற்ற வேண்டும் என்பதுகூட இல்லை. அவர் நாளை இறந்துவிட்டால், பத்திரத்தில் அவர் பெயரை மட்டுமே கண்டிருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கு உங்களோடு எந்தக் கடமையும் இராது.

வயல் என்றால் இன்னும் ஒரு தடை உண்டு. விவசாய நிலத்தின் உடைமையாளர் அந்த நிலம் இருக்கும் வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது 1961 முதல் அந்நாட்டில் உள்ள விதி. ஜகார்த்தாவில் வாழும் இந்தோனேசியர்கூட, விதிப்படி பார்த்தால், கிளாத்தெனில் வயல் வாங்கிப் போட்டுவிட்டுத் தலைநகரில் இருக்க முடியாது. நடைமுறையில் இது மீறப்படுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த விதி ஏன் வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள ஏறத்தாழ 2.6 கோடி விவசாயக் குடும்பங்களில் 1.4 கோடிக்கும் மேற்பட்டவை அரை ஹெக்டேருக்கும், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும், குறைவான நிலத்தையே வைத்துப் பிழைக்கின்றன. அவர்களை அங்கே 'பெத்தானி குரெம்' என்று அழைக்கிறார்கள். என் ஊரில் நான் பழகிய பெரும்பாலான குடும்பங்கள் அந்த வகையினர்தாம். நீங்கள் ஆசைப்படும் ஓர் ஏக்கர் அங்கே இரண்டு மூன்று குடும்பங்களின் வாழ்வாதாரம். பணமுள்ள வெளியூரார் வந்து விலையை ஏற்றிவிட்டால், அந்த ஊரில் பிறந்த இளைஞர் தம் தந்தையின் வயலுக்குப் பக்கத்து வயலை ஒருநாளும் வாங்க இயலாது. சட்டம் தடுக்காவிட்டாலும் நான் உங்களை வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'தானா பெங்கோக்' என்னும் நிலத்தை யாரேனும் மலிவாகத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். அது ஊர்த் தலைவருக்கும் ஊர் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்கு ஈடாகப் பதவிக்காலம் வரை பயிரிடத் தரப்படும் ஊர்ப் பொது நிலம். அதை அனுபவிப்பவருக்கே அதை விற்கும் உரிமை கிடையாது.

கேள்வி: என் மகள் ஜாவாவைச் சேர்ந்த ஒருவரை மணந்து அவருடைய சொந்தக் கிராமத்தில் வாழ்கிறாள். இந்தியக் குடியுரிமையை அவள் விடவில்லை. மருமகனுக்குத் தந்தை வழியில் ஒரு வயல் வரப்போகிறது. மகளால் அவருக்குச் சிக்கல் வருமா? (வாசகி, மதுரை)

பதில்: தந்தை வழியில் வரும் வயலால் சிக்கல் இல்லை. 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டப்படி, வாரிசாக வந்த சொத்து அவரவர்க்குத் தனியே உரியது. மணவாழ்வின்போது சம்பாதித்து வாங்குவதே இருவருக்கும் பொதுவானது. அந்தப் பொதுச் சொத்துதான் இடர் தரும். வெளிநாட்டு மனைவிக்கும் அதில் பங்கு உண்டு என்று ஆகிவிடுவதால், கணவர் புதிதாக ஒரு மனைநிலம் வாங்கப் போனாலும் பத்திரம் எழுதும் அலுவலர் தயங்குவார். சொத்துகள் தனித்தனி என்று கணவனும் மனைவியும் ஒப்பந்தம் செய்துகொள்வதே இதற்கு வழி. முன்பு அதைத் திருமணத்துக்கு முன்னரே செய்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. இந்தோனேசியரை மணந்து இதனால் வீடு வாங்க முடியாமல் போனவர்கள் பலர். 2016 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின், மணமான பிறகும் அவ்வொப்பந்தத்தைச் செய்துகொள்ளலாம். உங்கள் மகளும் மருமகனும் இன்னும் செய்யவில்லை என்றால், அங்குள்ள நொத்தாரிஸிடம், அதாவது பத்திரங்களை எழுதிச் சான்றளிக்கும் சட்ட அலுவலரிடம், உடனே சென்று செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

மனம் வருந்தும் ஒரு செய்தியையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. கணவர் காலமாகி, வாரிசு முறையில் நிலத்தின் பங்கு உங்கள் மகளுக்கு வந்தால், அவர் அதை ஓராண்டுக்குள் தகுதியுள்ள ஒருவருக்கு மாற்றிவிட வேண்டும். தவறினால் நிலம் அரசுக்குப் போய்விடும். இந்தோனேசியக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் இருந்தால் நிலம் அவர்கள் பெயரில் நிலைக்கலாம். இதைப் பற்றி மருமகனோடு இப்போதே பேசுவது அன்புக் குறைவாகாது.

கேள்வி: வாங்க முடியாது என்றால் வாடகைக்கு எடுப்பது எப்படி? எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், பெங்களூரு)

பதில்: கிராமத்தில் வீட்டு வாடகையை 'கொன்ட்ராக்' என்பார்கள். பொதுவாக ஓராண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவர் ஓராண்டு தங்க இயலாது என்பதால், முதலில் தங்கும் உரிமத்துக்கான வழியைத் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு வீட்டைத் தேடுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது, அது 2006க்குப் பிறகு கட்டப்பட்டதா என்று கேளுங்கள். அவ்வாண்டு மே 27ஆம் நாள் விடியற்காலையில் வந்த நிலநடுக்கத்தில் பந்துல், கிளாத்தென் பகுதிகளில் 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கம்பி போட்ட தூண்கள் இல்லாத செங்கல் சுவர்கள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்ததே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். மூலைகளில் கான்கிரீட் தூண் உள்ள வீடு பார்க்க அழகாக இராமல் போகலாம். நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

மரத்தாலான பழைய ஜோக்லோ வீடுகளைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். நடுவே நான்கு பெரிய தூண்கள் உயர்ந்து நின்று கூரையைத் தாங்கும் அவ்வீடுகள் ஆணியின்றிப் பொருத்துகளால் இணைக்கப்பட்டவை. அதனால் அவற்றை மனையிலிருந்து பிரித்து, எண் இட்டு, வண்டியில் ஏற்றி வேறோர் ஊரில் மீண்டும் நிறுத்துவது உண்டு. பணமுடை வந்த குடும்பங்கள் நிலத்தை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்றுவிடுகின்றன. எங்கள் தெருவில் ஒரு ஜோக்லோ அப்படி இறங்கிய அன்று, அதில் பிறந்த முதியவர் ஒவ்வொரு தூணும் வண்டியில் ஏறும் வரை அருகிலேயே நின்றிருந்தார்.

கேள்வி: அங்கே போய்த் தங்கினால் அக்கம்பக்கத்தார் நம்மிடம் எதை எதிர்பார்ப்பார்கள்? (வாசகி, சென்னை)

பதில்: நிலத்தைப் பற்றிய கேள்விகளைவிட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஜாவாவின் கிராமத்தில் நிலம் இல்லாதவரும் ஊராராக வாழலாம். ஊர்க் காரியங்களில் சேராதவர் எவ்வளவு நிலம் வைத்திருந்தாலும் வெளியாராகவே இருப்பார்.

முதல் நாளே தெருத் தலைவரைப் போய்ப் பார்க்க வேண்டும். சில பத்து வீடுகளுக்கு ஒருவர் வீதம் இருக்கும் அவரைப் 'பாக் எர்தே' என்று அழைப்பார்கள். விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற பலகையை ஊர் நுழைவாயிலிலேயே காண்பீர்கள். ஓர் இரவு தங்கும் உறவினருக்கும் அது பொருந்தும். இரவில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே அதன் பின்னால் இருக்கிறது.

நான் குடியேறிய புதிதில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிறு டப்பா ஒன்று தொங்குவதைக் கண்டும் அது எதற்கென்று கேட்கவில்லை. இரவுக் காவல் செல்லும் ஆண்கள் அதிலுள்ள ஒரு கைப்பிடி அரிசியையோ 500 ரூப்பியா நாணயத்தையோ எடுத்துச் செல்வார்கள். அதற்கு 'ஜிம்பித்தான்' என்று பெயர். சேரும் தொகை தெருவிளக்குக்கும் நோயுற்றோருக்கும் ஊர்க் காரியங்களுக்கும் போகிறது. என் வாசலில் டப்பா இல்லாத அந்த ஒரு மாதமும் யாரும் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் ஒருநாள் தாமே ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் காவல் முறையில் என் பெயரும் சேர்ந்தது. காவல் குடிசையில் தொங்கும் குடைந்த மரத்துண்டான கெந்தோங்கானை அடிக்கும் முறையைக் கொண்டே திருட்டா, தீயா, சாவா என்று ஊரார் அறிந்துகொள்வார்கள். அந்த வேறுபாடுகளைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

திருமண வீட்டில் பெண்கள் சில நாள் முன்பே சென்று சமையலுக்கு உதவுவது 'ரெவாங்'. உங்களைக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த ஊரின் உறவுமுறைகளை எல்லாம் தெரிந்துகொள்ளலாம். மொய் எழுதும் வழக்கம் அங்கும் உண்டு, உறையில் வைத்துத் தருவார்கள், திருப்பிச் செய்வதையும் மறக்கமாட்டார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் அழைப்பை எதிர்பார்க்கக் கூடாது. கேட்டவுடன் போக வேண்டும். அதன் பின் மூன்று, ஏழு, நாற்பது, நூறு என்று தொடங்கி ஆயிரமாவது நாள் வரை அவ்வீட்டில் கூடி வேண்டுவார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் துக்கத்தை ஊர் கணக்கு வைத்துச் சுமப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மொழியைப் பொறுத்தவரை, இந்தோனேசிய மொழி தெரிந்தால் போதும். ஆனால் பெரியவர்களைக் கடந்து போகும்போது சற்றுக் குனிந்து 'மொங்கோ' என்று மரியாதைச் சொல் சொல்வதை விடாதீர்கள். ஆண்களைப் 'பாக்' என்றும் பெண்களைப் 'பூ' என்றும் முதியோரை 'எம்பா' என்றும் சேர்த்தே அழையுங்கள். வெறும் பெயர் சொல்லி அழைப்பது அங்கே காதில் உறுத்தும்.

கேள்வி: போய்ச் சேரும் வழி? சைவ உணவு கிடைக்குமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக யோக்யாகர்த்தா விமான நிலையத்தில் இறங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 5,00,000 ரூப்பியா செலுத்தி 30 நாள் விசா பெறலாம். ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் உண்டு. அங்கிருந்து சோலோ செல்லும் மின்சார ரயிலில் 8,000 ரூப்பியா கட்டணத்தில் கிளாத்தென், டெலாங்கு போன்ற நிலையங்களில் இறங்கிக்கொள்ளலாம். நிலையத்திலிருந்து ஊருக்கு மோட்டார் சைக்கிள்தான். நோன்புப் பெருநாளை ஒட்டிய இரு வாரங்களில் நகரத்தார் அனைவரும் ஊர் திரும்புவதால் அப்போது பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். சந்தைக்குப் போக வேண்டுமானால் கிழமையைக் கேட்காதீர்கள். லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவோன் என்னும் ஐந்து நாள் சுழற்சியில் எந்த நாள் என்று கேளுங்கள்.

சைவ உணவுக்குக் குறைவில்லை. சோயா அவரையிலிருந்து செய்யும் தெம்பேயும் தாஹுவும், வேர்க்கடலைச் சாறு ஊற்றிய கீரையான பெச்சலும் எங்கும் உண்டு. மிளகாய் அரைத்துச் செய்யும் சம்பலில் மட்டும் இறால் விழுதான தெராசி கலந்திருக்கும். 'தெராசி வேண்டாம்' என்று சமைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அறுவடையில் நானும் இறங்கி வேலை செய்து பார்க்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தஞ்சையிலிருந்து இக்கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் சற்று விளக்க வேண்டும். முன்பு ஊர்ப் பெண்கள் அறுத்த நெல்லில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறும் 'பாவோன்' முறை பரவலாக இருந்தது. அறுக்க வருபவரைத் திருப்பி அனுப்புவது இழுக்கு என்று கருதப்பட்டது. பிறகு, நின்ற பயிரை மொத்தமாக விலை பேசி வாங்கும் வியாபாரி தம் ஆட்களோடு வந்து அறுத்துச் செல்லும் 'தெபாசான்' முறை பெருகியது. நிலமற்ற பெண்களின் கைக்கு வந்த நெல் அதனால் குறைந்தது. இன்று அறுவடை முடிந்த வயலில், அவர்களில் வயதானவர்கள் தாளில் ஒட்டிய மணிகளைத் தட்டிச் சேர்ப்பதையும் உதிர்ந்த கதிர்களைப் பொறுக்குவதையும் காணலாம். அதை 'ங்காசாக்' என்பார்கள். காலை முழுவதும் குனிந்து சேர்த்தாலும் சில கிலோ நெல்தான் தேறும். சில வீடுகளில் அன்றைய சோறு அதுதான்.

டெலாங்குப் பகுதியின் மணமுள்ள ரோஜோலேலே நெல் முற்றும் காலத்தில் நீங்கள் அங்கிருந்தால், வயலுக்கு உரியவரிடம் கேட்டு, கூலி எதுவும் பெறாமல், ஒரு காலைப் பொழுது அறுத்துப் பாருங்கள். அந்த மூதாட்டிகள் வருவதற்கு முன் கரையேறிவிடுங்கள், உதிர்ந்த கதிர் எதையும் நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள்.