அப்பாவின் பொடி டப்பா

வணக்கம் சார்,

என் அப்பாவுக்கு வயது 68. 14 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் இரண்டும் சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு முன் அவருடைய நண்பர் ஒரு பொடி கொண்டுவந்து கொடுத்தார். சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, ஆவாரம்பூ அரைத்ததாம். வெறும் வயிற்றில் 170 இருந்தது 112க்கு இறங்கிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஒரு கொய்யாப்பழத்தோடு படுத்துவிடுகிறார். போன வாரம் விடியற்காலை 4 மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, என்னையே யாரென்று தெரியாமல் குழறினார். அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபின் தெளிந்தார். "பாத்தியா, பொடி அவ்வளவு வேலை செய்யுது. இனி மாத்திரை வேண்டாம், அது கிட்னியைக் கெடுத்துடும்" என்கிறார். திட்டுவார் என்று டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொல்லவே இல்லை. நீங்கள் கைமருந்துகளை மதித்து எழுதுகிறவர். நான் அப்பா பக்கம் நிற்பதா, டாக்டர் பக்கம் நிற்பதா?

ஒரு மகள், திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 4 மணி. நீங்கள் எழுதியிருக்கும் வியர்வையும் குழறலும் தாழ்சர்க்கரையின் அடையாளங்கள். கிளிமிபிரைட் கணையத்தை முடுக்கி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. வயிற்றில் சோறு இருக்கிறதா, பட்டினியா என்பது அதற்குத் தெரியாது. அதோடு பொடியும் சேர்ந்து, ராத்திரிச் சாப்பாடும் இல்லாமல் போனால் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? அன்று அம்மா விழித்திருக்காவிட்டால் என்று நினைக்கவே எனக்குப் பதறுகிறது. நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். அதுவரை பொடியை எடுத்து வையுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ராத்திரி சாப்பிடாமல் படுக்க விடாதீர்கள். தலைமாட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சிறுகுறிஞ்சானை நான் குறைத்துப் பேசமாட்டேன். சர்க்கரைக்கொல்லி என்று நம் முன்னோர் சும்மா பெயர் வைக்கவில்லை. பச்சை இலை ஒன்றை மென்றுவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆற்றுமணலை வாயில் போட்டதுபோல நறநறத்தது, இனிப்பே இல்லை. நாக்கை ஏமாற்றுவதும் ரத்தத்தில் சர்க்கரையை இறக்குவதும் ஒன்றல்லதான். ஆனால் உடம்பில் வேலை செய்கிற இலை அது. வேலை செய்கிற எதற்கும் அளவு வேண்டும், இன்னொரு மருந்தோடு சேரும்போது கணக்கு மாறும்.

அப்பா தூக்கிப்போடச் சொல்கிற மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலீகா என்று அவரை, பட்டாணி வகையைச் சேர்ந்த செடி ஒன்று உண்டு. அதிலிருக்கும் சத்து சர்க்கரையை இறக்கும், கூடிப்போனால் நஞ்சு. மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அந்தச் சத்துக்கு உறவான ஒன்றை ஆய்வகத்தில் செய்தார்கள், அதுதான் மெட்ஃபார்மின். ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957இல் எழுதினார். இன்று அட்டையில் 500 மில்லிகிராம் என்றிருந்தால் உள்ளே 500தான். அப்பா பொடியை எந்தக் கரண்டியில் எடுக்கிறார்? தலைதட்டியா, கோபுரமாகவா?

கிட்னி பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கிட்னியைத் தின்பது வருடக்கணக்கில் அடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கிட்னி தளர்ந்தபின் மெட்ஃபார்மினைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள். அதைப் பார்த்தவர்கள் மாத்திரையால்தான் போச்சு என்று கிளப்பிவிட்டார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். மெட்ஃபார்மின் மேல் சொல்லக்கூடிய நிஜக் குறை ஒன்று உண்டு: நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். அப்பாவுக்குப் பாதம் மதமதக்கிறதா என்று கேளுங்கள். இயற்கையானது கிட்னியைத் தொடாது என்பதும் இல்லை. கேரளத்தில் கொழுப்புக் குறைய இரும்பன்புளி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்து கிட்னி பாதித்த 10 பேரைப் பற்றி 2013இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் செய்யவேண்டி வந்தது.

என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருந்தது. ரத்தம் கட்டாமலிருக்க அசெனோகூமரால் மாத்திரை. எங்கள் வீட்டு முருங்கை மரம் அவர் வைத்தது. கீரை ஆகாது என்று யாரோ ஆஸ்பத்திரி வரிசையில் சொல்லிவிட்டதால், டாக்டரிடம் மூச்சுவிடாமல் தினமும் பொரியல் செய்து சாப்பிட்டிருக்கிறார். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய, அந்த மாத்திரை தடுப்பதும் அதே வைட்டமின் கே செய்கிற வேலையைத்தான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் ஏறவே இல்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். பிறகு அம்மா என் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கினார். அங்கே மரம் இல்லை, கீரை இல்லை. ஒருநாள் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் சீட்டுகளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பாட்டி, உங்க வீட்டுல முருங்கை மரம் இருக்கா?" அம்மா அழுதேவிட்டார். அவர் திட்டவில்லை. "கீரையை விடவேண்டாம். வாரத்துக்கு எத்தனை கைப்பிடின்னு சொல்லுங்க, அதை மாத்தாம சாப்பிடுங்க. மாத்திரையை நான் அதுக்குத் தக்கபடி வைக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அம்மாவின் நோட்டில் ஐஎன்ஆர் ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம். ஒன்பது வருடம் அப்படி ஓடியது.

அதனால் பக்கம் பிரித்து நிற்காதீர்கள். உங்கள் டாக்டருக்குப் பொடி தெரியாது, பொடி கொடுத்தவருக்கு மாத்திரை தெரியாது, இரண்டும் சேர்வது அப்பாவின் உடம்பில். நோயாளியை இப்படி மறைக்க வைக்கிற கோபக்கார டாக்டர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு தடவை திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், காது கொடுக்கவே மறுத்தால் வேறு டாக்டரைத் தேடுங்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைச் சித்தா பிரிவில் படித்த மருத்துவர் இருப்பார், அவரிடம் மாத்திரை அட்டைகளைக் காட்டுங்கள். பேர் ஊர் இல்லாத பொடிகள் சிலவற்றில் சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்ததைச் சோதனைகளில் பிடித்திருக்கிறார்கள்.

அப்பாவின் ஆசையில் தப்பில்லை. சோற்றைக் குறைத்து, சாப்பிட்டபின் அரைமணி நேரம் நடந்தால் மாத்திரை குறைகிறவர்கள் உண்டு. எதைக் குறைப்பது, எப்போது என்பதை வீட்டில் மெஷின் வைத்துப் பார்த்து எழுதிய எண்களோடு டாக்டர் சொல்லட்டும்.

நாளைக்குப் போகும்போது அட்டைகள், பழைய ரிப்போர்ட், பொடி டப்பா எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். அவர் பொடி எடுக்கிற கரண்டியையும்.

அன்புடன்.