1965 மாணவர்களால் முடிந்தது மெரினா மாணவர்களால் ஏன் முடியவில்லை?

‘1965 இந்தி எதிர்ப்பு மாணவர்கள் ஆட்சியையே மாற்றினார்கள். 2017 ஜல்லிக்கட்டு மாணவர்களால் ஏன் முடியவில்லை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ‘இது செல்போன் தலைமுறை, அவ்வளவுதான் தாங்கும்’ என்று பெரியவர்கள் வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மெரினாவில் நானும் இருந்தேன். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்போம். மைக்கைப் பிடித்த யாராவது ஒரு கட்சியின் பெயரை எடுத்தால் போதும், ‘அண்ணா, அது வேணாம், மாட்டைப் பத்தி மட்டும் பேசுங்க’ என்று பக்கத்தில் இருப்பவர் மைக்கை வாங்கிவிடுவார். சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாக்கெட் எல்லாம் யார் யாரோ கொண்டுவந்து தந்தார்கள். குப்பையை நாங்களே அள்ளினோம். ஆனால் ‘இங்க யாருப்பா பொறுப்பு?’ என்று ஒரு அதிகாரி கேட்டிருந்தால் கைகாட்ட ஆள் கிடையாது. அப்போது அதுவே எங்களுக்குப் பெருமை.

1965-இல் பொறுப்பு யார் என்பது ஊருக்கே தெரியும். பெ. சீனிவாசன், காளிமுத்து, நா. காமராசன், எல். கணேசன் என்று பெயர் சொல்லலாம். என் பெரியப்பா அப்போது மதுரையில் பி.யு.சி. (பட்டப்படிப்புக்கு முந்தைய ஓராண்டு) மாணவர். ‘ராத்திரி மெஸ்ஸுல சாப்பிட்டுக் கை கழுவறதுக்குள்ள, நாளைக்கு எங்க கூடணும்னு தெரிஞ்சிடும்’ என்பார். விடுதிதான் அவர்களுக்கு வாட்ஸ்அப்.

அப்புறம், அரசு நடந்துகொண்ட விதம். ஜனவரி 25-இல் மதுரை ஊர்வலத்தில் தொடங்கிய மோதல் சில நாளில் மாநிலம் முழுக்கப் பரவியது. 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அரசுக் கணக்கிலேயே சாவு எழுபது வரை போனது. மாணவர் பக்கம் எல்லாம் அமைதியாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது, திருப்பூரில் இரண்டு காவல் அதிகாரிகளை எரித்தே கொன்றது கூட்டம். பிப்ரவரி 11-இல் பிரதமர் சாஸ்திரி ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் உறுதிமொழி கொடுத்தார், ஆனால் அதற்கான ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வர 1967 முடியவேண்டியிருந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் அதே 1967-இல் தேர்தல் வந்துவிட்டது, காங்கிரஸ் ஆட்சி போனது. விருதுநகரில் காமராசரை 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் அதே மாணவர் தலைவர் சீனிவாசன்தான்.

எங்களுக்கு ஒரே வாரம். ஜனவரி 17-இல் உட்கார்ந்தோம், 21-இல் அவசரச் சட்டம், 23-இல் சட்டமன்றத்தில் மசோதா. அன்று காலையிலேயே போலீஸ் அடித்து விரட்டியது. எங்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பத்து மீனவர்களின் மீன் சந்தை எரிந்தது. கோரிக்கை நிறைவேறிவிட்டது, நாங்கள் கல்லூரிக்கும் ஆபீசுக்கும் திரும்பினோம். குப்பத்து ஜனங்களுக்காக நின்று கேட்க ஒரு அமைப்பு இருந்திருக்கவேண்டும். தலைவர் இல்லாத கூட்டத்தின் நஷ்டம் என்று நான் நினைப்பது இதைத்தான், ஆட்சி மாறாததை அல்ல.

இரண்டுக்கும் நடுவே 2013 இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. ஈழப் பிரச்சினைக்காக லயோலா மாணவர்கள் சிலர் உண்ணாவிரதம் தொடங்க, அது மாநிலம் முழுக்கப் பரவி, கல்லூரிகளையே காலவரையின்றி மூடினார்கள். மெரினாவில் என் வட்டத்தில் இருந்த இரண்டு பேர் அப்போது உண்ணாவிரதம் இருந்தவர்கள். கட்சிக்காரரை மேடையில் ஏற்றினால் மறுநாள் பேப்பரில் அவர் படம்தான் வரும் என்று முதல் நாளே சொல்லி, மைக் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.