தூண் இல்லாத சிறகுகள்

கேள்வி: எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாராவில் உள்ள ஃபியட் டாலியேரோ பெட்ரோல் நிலையத்தை 1:72 அளவில் டயோரமாவாக, அதாவது சுற்றுப்புறத்தோடு கூடிய சிறு மாதிரிக் காட்சியாக, செய்து வருகிறேன். விமானச் சிறகுகளைப் போல இருபுறமும் நீளும் கூரைகளை 5 மி.மீ. ஃபோம் அட்டையில் வெட்டி, கோபுரத்தின் பக்கச் சுவர்களில் ஒட்டினேன். அவற்றின் அடிப்பக்கத்துக்கு நீரில் கரையும் வண்ணம் பூசி உலரவிட்ட பிறகு, இரு நுனிகளும் அரை சென்டிமீட்டர் தொங்கிவிட்டன. எளிதில் கண்ணில் படாத கண்ணாடிக் குச்சிகளை நிறுத்தி அவற்றைத் தாங்கலாமா? அல்லது இன்னும் சிறிய அளவில் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

பதில்: குச்சிகள் வேண்டாம். இத்தாலியப் பொறியாளர் ஜுசெப்பே பெட்டாட்ஸி வடிவமைத்து 1938-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நிலையத்தின் ஒவ்வொரு சிறகும் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுடைய கான்கிரீட் கூரை. நுனியில் எந்தத் தாங்கலும் இல்லாமல் நடுக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டே அது நிற்கிறது. கட்டும்போது அடியில் கொடுத்திருந்த முட்டுகளை எடுக்கக் கட்டுநர் தயங்கியதாகவும், பெட்டாட்ஸி கைத்துப்பாக்கியைக் காட்டி எடுக்கச் செய்ததாகவும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியிருந்தாலும், சிறகுகள் இன்றுவரை நிற்கின்றன. அவற்றின் அடியில் ஒரு குச்சி வந்துவிட்டால், அது கண்ணாடியாகவே இருந்தாலும், நீங்கள் செய்வது வேறொரு கட்டடமாகிவிடும்.

அளவைக் குறைப்பதும் தீர்வாகாது, ஏனென்றால் உங்கள் சிறகு தொங்கியதற்குக் காரணம் எடை அன்று. ஒரே பொருளில் ஒரே வடிவத்தை 72 மடங்கு சிறிதாக்கினால், நீளத்தோடு ஒப்பிடும்போது தன் எடையால் அது வளைவதும் 72 மடங்கு குறைகிறது. அதனால் பெட்டாட்ஸிக்கு இருந்த கவலை மாதிரி செய்பவருக்குப் பெரும்பாலும் இல்லை. உங்கள் சிறகை வளைத்தது வண்ணத்தில் இருந்த நீர். ஃபோம் அட்டையின் மேலுறை காகிதம். ஒரு பக்கம் மட்டும் நனைந்து உலரும்போது அந்தப் பக்கத்துக் காகிதமும் அதன் மேலுள்ள வண்ணப் படலமும் சுருங்கி, அட்டையைத் தம் பக்கம் இழுக்கின்றன. அடிப்பக்கத்தைப் பூசினீர்கள், நுனி கீழே வந்தது. இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பூசியிருந்தால் இழுப்பு பெருமளவு சமன்பட்டிருக்கும்.

ஆயினும் அந்த அட்டையையே திருத்திப் பயன்படுத்த நான் சொல்ல மாட்டேன். 5 மி.மீ. தடிமன் என்பது 1:72 அளவில் 36 சென்டிமீட்டர். அந்தக் கட்டடத்தின் துணிச்சல் தெரிவது விளிம்பின் மெலிவில்தான் என்பதால், விளிம்பு தடித்தால் சிறகு வெறும் பலகையாகிவிடும். இரண்டு சிறகுகளையும் தனித்தனியாகச் செய்யாமல், கோபுரத்தின் ஊடே போகும் ஒரே துண்டாகச் செய்யுங்கள். 1.5 மி.மீ. பித்தளைக் கம்பிகள் இரண்டை இணையாக வைத்து, மேலும் கீழும் 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள்களைப் போர்த்தினால், மொத்தத் தடிமன் 2.5 மி.மீ. ஆகிறது. கம்பிகளை நுனிக்கு 2 சென்டிமீட்டர் முன்பே நிறுத்திவிட்டால், அதற்கு அப்பால் இரு தாள்களையும் ஒன்றோடொன்று ஒட்டி, உப்புத்தாளால் விளிம்பை இன்னும் மெலிதாகத் தேய்க்கலாம். கோபுரத்துக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து, அதில் வெட்டிய காடிகளில் கம்பிகளை இறுக்கமாகப் பதித்துவிட்டால், ஒரு சிறகின் சுமையை மறு சிறகு சமன்செய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தாள்களுக்கு இடையே ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் திரவப் பசையை ஊற்றாதீர்கள்; வெளியேற வழியில்லாத கரைப்பான் உள்ளேயே தங்கிப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கி, வேலை முடிந்து பல நாள்கள் கழித்தும் சிறகை முறுக்கிவிடும். அந்த இடத்தில் இரண்டு பாகமாக வரும் எபாக்சிப் பசையைத் தடவி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இதே நிலையத்தை நானும் செய்ய விரும்புகிறேன். எந்தக் காலத்தைக் காட்டுவது? எந்தக் கார் பொருந்தும்? சுவர்களில் பழமையின் கறை எவ்வளவு இருக்கலாம்?

பதில்: 1938-ஐ அல்லது இன்றைய நிலையை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். 1938 என்றால், 1936-இல் வெளிவந்த ஃபியட் 500 டோப்போலினோ மிகவும் பொருத்தமானது. ஏறத்தாழ 3.2 மீட்டர் நீளமுள்ள அந்தக் கார் 1:72 அளவில் 4.5 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதே அளவில் ஒரு சிறகு 20.8 சென்டிமீட்டர். அந்தச் சிறிய காரை ஒரு சிறகின் கீழே தனியாக நிறுத்தினால், சிறகு எவ்வளவு தொலைவு நீள்கிறது என்பது பார்ப்பவருக்கு உடனே விளங்கும். கடைகளில் 1:43 கார்கள் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றில் ஒன்றை வைத்துவிடாதீர்கள். 1:72 கட்டடத்தின் முன் அதே டோப்போலினோ 5.4 மீட்டர் நீள வண்டியாகத் தெரியும், கட்டடமும் அதற்கேற்பச் சுருங்கிப்போகும்.

கறையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெட்ரோல் நிலையம் என்றாலே துருவும் விரிசலும் உடைந்த கண்ணாடியும் வைப்பது டயோரமா செய்பவர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் போர்களைக் கடந்தும் இந்தக் கட்டடம் சிதையாமல் நிற்கிறது; அது அமைந்துள்ள அஸ்மாரா நகரத்தை 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைப் பாழடைந்ததாகக் காட்டுவது பொய் சொல்வதாகும். எரிபொருள் நிரப்பும் இடத்தில் தரையில் மட்டும் மங்கலான சில எண்ணெய்த் தடங்கள் போதும்.

கேள்வி: முடித்த டயோரமாவுக்கு விளக்கை எங்கே பொருத்துவது?

பதில்: ஒரே ஒரு விளக்கை, உயரத்தில், ஏறக்குறைய நேர் மேலே பொருத்துங்கள். அஸ்மாரா வட அட்சரேகை 15 பாகையை ஒட்டி இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, மே மாதத் தொடக்கத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும், நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது சிறகின் நிழல் முழுவதும் அதன் அடியிலேயே விழும். அந்த நிழலுக்குள் ஒரு தூணின் நிழலும் இராது. பக்கவாட்டில் இரண்டாவது விளக்கைச் சேர்த்தால் நிழல் கலைந்துவிடும்.