ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, பேக்ரவுண்ட் செக் இன்னும் முடியவில்லை. ராஜினாமா செய்யலாமா?

"கடைசிச் சுற்று நேர்காணல் முடிந்து ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. ஆனால் பேக்ரவுண்ட் செக் இனிமேல்தான் என்கிறார்கள். இதை எந்தக் கட்டத்தில் செய்வார்கள்? இப்போதே ராஜினாமா கொடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டரை நிதானமாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சம்பளம், சேரும் தேதி எல்லாம் முடிந்த பிறகு, பேக்ரவுண்ட் செக், அதாவது உங்கள் விவரங்களின் சரிபார்ப்பு, திருப்தியாக முடிந்தால்தான் இந்த ஆஃபர் செல்லும் என்ற பொருளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். மகிழ்ச்சியில் படிக்கும்போது அது கண்ணில் படாது. அந்த வரி இருந்தால் உங்கள் வேலை இன்னும் உறுதியாகவில்லை.

புதிதாகச் சேர்பவர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் எச்.ஆர். பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். பெரும்பாலான நிறுவனங்கள் முழுச் சரிபார்ப்பை ஆஃபருக்குப் பிறகுதான் தொடங்கும். ஒவ்வொருவரையும் சரிபார்க்கப் பணம் செலவாகும் என்பதால், நேர்காணலுக்கு வரும் ஐம்பது பேருக்கும் செய்ய மாட்டார்கள். உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. 1970இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வேலைக்கான சரிபார்ப்பையும் கட்டுப்படுத்துகிறது. வெளி நிறுவனத்திடம் உங்களைப் பற்றி அறிக்கை வாங்குவதற்கு முன் தனித்தாளில் தகவல் தெரிவித்து உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த அறிக்கையை வைத்து நிராகரிப்பதாக இருந்தால் முதலில் அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டும். தவறு இருந்தால் சுட்டிக்காட்ட வாய்ப்பு கிடைக்கட்டும் என்பதற்காகத்தான்.

குற்ற வழக்கு விவரங்களை எப்போது கேட்கலாம் என்பது இன்னும் பெரிய விஷயம். முன்பெல்லாம் அங்கே விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், தண்டனை பெற்றதுண்டா என்று. அதில் டிக் அடித்தவரின் விண்ணப்பத்தைப் பல இடங்களில் அதற்கு மேல் படிக்கவே மாட்டார்கள். ஹவாய் மாநிலம் 1998இல், ஆஃபர் கொடுத்த பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று தனியார் நிறுவனங்களுக்கும் விதி கொண்டு வந்தது. கலிபோர்னியாவில் 2018 முதல், ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு இதே மாதிரி விதி இருக்கிறது. இது மிகவும் சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. ஒருவரின் திறமையை முதலில் பார்த்துவிட்டால், அதன் பிறகு தெரிய வரும் பழைய தவறை அதன் அளவிலேயே எடை போட முடியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். செக் என்பது ஒரே நாளில் நடக்கிற ஒரே வேலை இல்லை. நேர்காணலுக்குக் கூப்பிடும் முன்பே உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தை யாராவது பார்த்திருப்பார்கள். உங்களைப் பற்றி விசாரிக்க நீங்கள் பெயர் கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கடைசிச் சுற்றுக்கு முன்னோ பின்னோ போன் போகும். படிப்பு, முகவரி, பழைய வேலைகள் எல்லாம் ஆஃபருக்குப் பிறகு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் பணத்தோடும் புழங்கும் வேலைகளில் சேரும் முன்பே எல்லாம் முடிய வேண்டும் என்பதில் கறாராக இருப்பார்கள். மற்ற இடங்களில் நீங்கள் சேர்ந்து ஒரு மாதம் ஆன பிறகும் அறிக்கை முழுதாக வந்து சேராமல் இருக்கலாம்.

அதற்குக் காரணம், இப்போது நீங்கள் வேலை செய்யும் இடம். அங்கே விசாரித்தால் நீங்கள் வேறு வேலை தேடுவது தெரிந்துவிடும். அதனால் நாங்கள் அதைக் கடைசிக்கு வைப்போம், நீங்கள் அங்கிருந்து வெளியே வந்த பிறகுதான் கேட்போம். ஆகவே நூறு சதவீதம் முடிந்த பிறகு ராஜினாமா என்பது பல நேரம் நடக்காத காரியம். இப்போதைய வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் முடித்துத் தரும்படி கேளுங்கள். தயக்கமே வேண்டாம், இது எச்.ஆர். காரர்களுக்குப் பழகிய கோரிக்கைதான்.

ஒரு பையனை என்னால் மறக்கவே முடியவில்லை. நல்ல வேலைக்காரன், நேர்காணல் எடுத்த மூன்று பேருக்குமே பிடித்திருந்தது. ஆஃபர் கையில் கிடைத்த அன்றே ராஜினாமா கொடுத்துவிட்டான். அறிக்கை வந்தது. சரியாக இருப்பவை பச்சை, தெளிவில்லாதவை மஞ்சள், பொருந்தாதவை சிவப்பு. படிப்பு பச்சை, முகவரி பச்சை, இரண்டாவது வேலை சிவப்பு. மார்ச் வரை அங்கே இருந்ததாக ரெஸ்யூமில் போட்டிருந்தான், அந்த நிறுவனமோ ஜனவரியிலேயே போய்விட்டார் என்று எழுதியிருந்தது. போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மாவுக்கு ஆபரேஷன் மேடம், ரெண்டு மாசம் வீட்லதான் இருந்தேன். கேப் இருந்தா எடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

அந்த இரண்டு மாத இடைவெளியை அவன் அப்படியே எழுதியிருந்தால் எங்களில் யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்க மாட்டோம். அவனுக்காக மேலிடத்தில் பேசிப் பார்த்தேன். தேதியை மாற்றி எழுதியவரை எடுக்க முடியாது என்று ஆஃபரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பழைய வேலையும் போயிருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒரு பெண். முந்தைய இடத்தில் அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே, "அங்க கேட்டா நீக்கினதா சொல்வாங்க மேடம், என்ன நடந்ததுன்னு நானே சொல்லிடறேன்" என்றார். சொன்னதை எழுதி வைத்துக்கொண்டோம். அறிக்கையும் அதையே சொன்னது. அவர் சேர்ந்துவிட்டார்.

உங்கள் ரெஸ்யூமையும் பழைய ரிலீவிங் லெட்டர்களையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேர்ந்த மாதம், விலகிய மாதம், பதவியின் பெயர், எல்லா ஆவணங்களிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது, இவ்வளவுதான். மூடிப்போன நிறுவனம் ஏதாவது இருந்தால் பே ஸ்லிப், சம்பளம் வந்த வங்கி அறிக்கை இரண்டையும் எடுத்து வையுங்கள். வேறுபாடு எதுவும் கண்ணில் பட்டால் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

அப்புறம் எச்.ஆருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "என் நோட்டீஸ் பீரியடைத் தொடங்க வேண்டியிருக்கிறது. தற்போதைய வேலை தவிர மற்றச் சரிபார்ப்புகள் முடிந்துவிட்டனவா என்று தெரிவிக்க முடியுமா?" போனில் கூப்பிட்டு "எல்லாம் ஓகே" என்று சொன்னால், அதையே பதில் மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள்.